ஓட்டுப் போடாமல் வீட்டில் இருந்தால் யாருக்கு லாபம்?



தேர்தல் என்று பேச்செடுத்தாலே நம் கிராமங்களில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "எவனுக்குப் போட்டு என்ன ஆகப் போவுது? எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டை. இந்தத் தடவை நான் ஓட்டுப் போடறதா இல்லே." டீக்கடையில் இதைக் கேட்கிறோம். களத்து மேட்டில் கேட்கிறோம். நம் சங்கக் கூட்டத்திலேயே கேட்கிறோம். "இந்த ஊருக்கு ஓட்டுக் கேட்டு யாரும் வராதீர்" என்று தட்டி வைக்கலாமா என்று சில கிளைகளில் யோசிக்கும் அளவுக்குப் போயிருக்கிறது. ஆகவேதான் இந்த விஷயத்தில் எங்கள் கருத்தைப் பகிரங்கமாக உங்கள் முன் வைக்கிறோம்.

கோபம் நியாயமானது

இந்தக் கோபத்தைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மேட்டூர் அணை திறந்ததாகப் பேப்பரில் படம் வருகிறது. அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் நாற்று முற்றிப் போய்விடுகிறது. தூர் வாரியதாகப் போர்டு நிற்கிறது, போர்டுக்குப் பின்னாலேயே வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. விளைந்த நெல்லைக் கொண்டு போனால் ஈரம் 17 சதவீதத்துக்கு மேலே என்று திருப்பி விடுகிறார்கள். அங்கேயே கொட்டி வைத்துக் காவல் கிடந்தால் மழையில் நனைந்து முளைவிடுகிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுவது சொல்லவே வேண்டாம். பயிர் இன்சூரன்சுக்குப் பிரீமியம் கட்டினோம். பயிர் போனபோது "உங்க ஊருக்குச் சதவீதம் வரலே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

ஓட்டுக் கேட்டு வந்தபோது வரப்பில் இறங்கி நடந்தவர், ஜெயித்த பிறகு காரை விட்டு இறங்குவதில்லை. வேட்பாளர் பட்டியலைப் பார்த்தால் ஒருவர் காண்ட்ராக்டர், ஒருவர் மனை வியாபாரி, ஒருவர் பெரிய இடத்துப் பிள்ளை. சேற்றில் கால் வைத்தவர் ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது. இதில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு விவசாயி கேட்டால் அது நேர்மையான கேள்வி.

ஆனால் கோபம் வேறு. கோபத்தைக் காட்டுகிற வழி வேறு. நம் கோபம் யார் மேல் விழ வேண்டுமோ அவர்மேல் விழாமல் நம் தலையிலேயே விழுந்தால் அதற்குப் பெயர் போராட்டம் இல்லை.

வராத ஓட்டுக்குக் கணக்கு இல்லை

ஓட்டுச் சாவடிக்கு வராத ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். அதில் வேட்பாளர் பிடிக்காமல் வராதவர் எத்தனை பேர்? திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் எத்தனை பேர்? காய்ச்சலில் படுத்திருந்தவர் எத்தனை பேர்? செத்தும் பட்டியலில் பெயர் எடுக்கப்படாதவர் எத்தனை பேர்? எந்த அதிகாரியும் இதைப் பிரித்து எழுதுவதில்லை. கொதித்துப் போய் வீட்டில் உட்கார்ந்த விவசாயியும், தூங்கிப் போனவனும் கணக்கில் ஒன்றுதான். நம் கோபத்துக்கு அங்கே ஒரு கோடு கூடப் போடுவதில்லை.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு ஊரில் 1,000 ஓட்டு. அதில் 300 பேர் கவரை வாங்கிக்கொண்டு ஒரே ஆளுக்குப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரும் ஓட்டுப் போட்டால் அந்த 300 என்பது பத்தில் மூன்று. மனம் வெறுத்து 400 பேர் வீட்டில் இருந்துவிட்டால் பதிவாவது 600தான். இப்போது அதே 300 சரி பாதி! கூடுதலாக ஒரு பைசா செலவில்லாமல் அந்த ஆளின் பலம் கூடிவிட்டது. கூட்டிக் கொடுத்தது யார்? பணம் வாங்காத யோக்கியன்தான். வாங்கியவன் எப்படியும் வந்துவிடுவான். அவனை அழைத்து வர ஆட்டோ வரும்.

பணம் எந்த அளவுக்குப் பாய்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 2016 மே மாதம் தஞ்சாவூர், அரவக்குறிச்சி தொகுதிகளில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே நிறுத்தினார்கள். நவம்பரில்தான் நடத்தினார்கள். கொட்டுகிறவனுக்கு நம் ஒவ்வொரு ஓட்டும் எவ்வளவு முக்கியம் என்று தெரிகிறது. நமக்குத்தான் அது துச்சமாகத் தெரிகிறது.

"என் ஒரு ஓட்டுல என்ன கவுந்துடப் போவுது" என்பவர்களுக்கு இரண்டு கணக்கு. 2016-ல் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. 2021-ல் மொடக்குறிச்சியில் 281 ஓட்டு. 49 என்பது ஒரு தெரு. 281 என்பது ஒரு சின்னக் குக்கிராமம். ஒரு தெருவும் ஒரு குக்கிராமமும் எம்.எல்.ஏ.வை நிர்ணயித்திருக்கின்றன.

அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள்?

ஆட்சியில் இருப்பவர்கள் நம் கண்ணீருக்கு இரங்குவது அபூர்வம். ஓட்டுக்குப் பயப்படுவது நிஜம். கடன் தள்ளுபடியின் தேதிகளைப் பாருங்கள்.

2006 மே மாதம், தேர்தல் முடிந்து ஆட்சி மாறியவுடன், தமிழ்நாட்டில் கூட்டுறவுக் கடன் 6,866 கோடி ரூபாய் தள்ளுபடி. 2008 பிப்ரவரி பட்ஜெட்டில் மத்திய அரசு 60,000 கோடி தள்ளுபடி அறிவித்தது. அடுத்த ஆண்டு பாராளுமன்றத் தேர்தல். 2016 மே மாதம், தேர்தல் முடிந்த கையோடு, சிறு குறு விவசாயிகளின் கூட்டுறவுக் கடன் 5,780 கோடி தள்ளுபடி. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, 12,110 கோடி தள்ளுபடி.

நாலு தடவை. நாலும் தேர்தலை ஒட்டித்தான். வறட்சி தேர்தல் பார்த்து வருவதில்லை, வெள்ளமும் பார்த்து வருவதில்லை. தள்ளுபடி மட்டும் பார்த்து வருகிறது. ஏன்? கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கியவன் ஓட்டுச் சாவடிக்கு வருவான் என்று அவர்களுக்குத் தெரியும். வரமாட்டான் என்று தெரிந்துவிட்டால், இருக்கிற அந்தக் கொஞ்சநஞ்சப் பயமும் போய்விடும்.

வேளாண் சட்டங்கள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பரில் நிறைவேற்றினார்கள். நவம்பர் 26 முதல் விவசாயிகள் டெல்லி எல்லையில் குளிரிலும் வெயிலிலும் கிடந்தார்கள். ஓராண்டு போராட்டத்துக்குப் பிறகு 2021 நவம்பர் 19-ல் வாபஸ் என்று பிரதமர் அறிவித்தார். அடுத்த சில மாதங்களில் பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் தேர்தல் என்பதை நாடே அறியும். ரோட்டில் உட்கார்ந்த விவசாயி நாளைக்கு ஓட்டும் போடுவான் என்பதால்தான் அந்த வாபஸ்.

போராட்டம் ஒரு மாடு, ஓட்டு இன்னொரு மாடு. ஒன்றை அவிழ்த்து விட்டுவிட்டு ஒற்றை மாட்டில் ஏர் பூட்ட முடியாது.

ஓட்டே இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதையும் நாம் அனுபவித்திருக்கிறோம். 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர் கையில்தான் எல்லாம் இருந்தது. தெரு விளக்கு எரியவில்லை என்றால் யாரைக் கேட்பது? "தலைவரே, அடுத்த தடவை எப்படி வர்றீங்கன்னு பாக்கிறோம்" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. 2019-ல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களிலும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர் கைக்கே போனது. பிடிக்காத தலைவர் இருந்தால் மாற்றலாம். தலைவரே இல்லாவிட்டால் யாரை மாற்றுவது?

நோட்டா என்ன செய்யும்? என்ன செய்யாது?

"அப்படின்னா பிடிக்காதவனுக்குப் போடணுமா?" என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது.

முன்பு 49 ஓ என்று ஒரு விதி இருந்தது. யாருக்கும் போட விருப்பமில்லை என்று அதிகாரியிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். அத்தனை ஏஜெண்டுகளும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊரில் குடியிருக்கிறவன் எத்தனை பேர் அதைத் துணிந்து செய்வான்? 2004-ல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் வழக்குப் போட்டது. 2013 செப்டம்பர் 27-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதியாக இருந்தவர் ஈரோடு மாவட்டத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த பி.சதாசிவம். அதன் பிறகுதான் மிஷினில் கடைசிப் பொத்தானாக நோட்டா வந்தது. இப்போது இரகசியமாக, தைரியமாக "இவர்களில் யாரும் வேண்டாம்" என்று சொல்லலாம்.

வீட்டில் இருப்பதைவிட நோட்டா மேல். அது எண்ணப்படுகிறது. நம் பெயரில் வேறு ஒருவன் வந்து கள்ள ஓட்டுப் போடவும் வழியில்லாமல் போகிறது. ஆனால் அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். நோட்டா எத்தனை ஓட்டு வாங்கினாலும் தேர்தல் ரத்தாகாது. அதற்கு அடுத்து அதிக ஓட்டு வாங்கிய ஆள் ஜெயித்தவர்தான். டெபாசிட் கணக்கில்கூட நோட்டா சேராது.

2024-ல் மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் மனுவை வாபஸ் வாங்கிவிட்டார். அந்தக் கட்சி நோட்டாவுக்குப் போடச் சொன்னது. 2,18,674 ஓட்டு நோட்டாவுக்கு விழுந்து இரண்டாவது இடம் வந்தது. என்ன ஆயிற்று? முதலில் வந்த பா.ஜ.க. வேட்பாளர் பதினொரு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் எம்.பி. ஆனார்.

நம் நீலகிரியில் 2014-ல் 46,559 ஓட்டு நோட்டாவுக்கு விழுந்தது. அந்தத் தேர்தலில் நாட்டிலேயே அதுதான் அதிகம். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத கோபம் என்று சொன்னவர்கள் உண்டு. பா.ஜ.க. வேட்பாளர் மனு தள்ளுபடியானதால் அந்தக் கட்சிக்காரர்கள் போட்டது என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டில் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஏனென்றால் மிஷினில் காரணம் எழுத இடமில்லை. நோட்டா என்பது விலாசம் எழுதாத மனு. விலாசத்தை நாம்தான் வெளியே எழுத வேண்டும்.

2018-ல் ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையம் உள்ளாட்சித் தேர்தலுக்கு ஒரு நல்ல முடிவு எடுத்தது. நோட்டாவும் ஒரு வேட்பாளர் மாதிரி. அது முதலிடம் வந்தால் மறுதேர்தல், தோற்றவர்கள் அதில் நிற்கக் கூடாது. இதை எல்லாத் தேர்தலுக்கும் கொண்டு வா என்று கேட்பது நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

விவசாயி செய்து காட்டிய வழி

வேட்பாளர் பிடிக்காத கோபத்தை விவசாயிகள் வேறு விதமாகவும் காட்டியிருக்கிறார்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில், கோரிக்கைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று மொடக்குறிச்சி விவசாயிகள் கும்பல் கும்பலாக மனுத் தாக்கல் செய்தார்கள். ஒரே தொகுதியில் 1,033 வேட்பாளர்கள்! ஓட்டுச் சீட்டுப் புத்தகம் மாதிரி ஆனது. தேர்தலை ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை, அவர்கள் ஓட்டே அவர்களுக்கு விழவில்லை. ஆனால் மொடக்குறிச்சி எங்கே இருக்கிறது என்று நாடு முழுக்கத் தெரிந்தது. அரசாங்கம் என்ன செய்தது? சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கியது. இன்றைக்கு அது 10,000. நாம் திரும்ப அதைச் செய்துவிடக் கூடாது என்பதில் அவர்களுக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள்.

2019-ல் தெலங்கானா நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் அதே வேலையைச் செய்தார்கள். மஞ்சளுக்கு வாரியம் வேண்டும், விலை வேண்டும் என்று 170-க்கும் மேற்பட்ட விவசாயிகள் பாராளுமன்றத் தேர்தலில் நின்றார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். ஒவ்வொரு சாவடியிலும் 12 மிஷின்களை வரிசையாக அடுக்க வேண்டி வந்தது. அன்றைய முதலமைச்சரின் மகளான எம்.பி. தோற்றார். மஞ்சள் வாரியம் வாங்கித் தருவேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்த வேட்பாளர் ஜெயித்தார். அவர் சொன்ன கெடுவில் வரவில்லை. விவசாயிகள் விடாமல் கேட்டார்கள். 2023-ல் அறிவிப்பு வந்தது. 2025 பொங்கல் அன்று நிஜாமாபாத்தைத் தலைமையிடமாக வைத்துத் தேசிய மஞ்சள் வாரியம் திறந்தார்கள். எழுதி வாங்கியது ஒன்று, ஐந்து வருஷம் விடாமல் கேட்டது இன்னொன்று. இரண்டும் சேர்ந்ததால்தான் காரியம் நடந்தது.

ஊரே சேர்ந்து புறக்கணித்தால்?

பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று 2022-லிருந்து போராடும் ஏகனாபுரம் மக்கள் 2024 பாராளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். ஊரே ஒன்றாக, ஒரே கோரிக்கைக்காக, வருஷக் கணக்கான போராட்டத்தின் தொடர்ச்சியாக எடுத்த முடிவு. அதை நாங்கள் மதிக்கிறோம். வேட்பாளரைப் பிடிக்கவில்லை என்று ஆளுக்கொரு திக்கில் வீட்டில் படுத்துக்கொள்வதும் அதுவும் ஒன்றல்ல. அங்கேயும்கூட அந்த ஊரின் குரலை வெளியே கொண்டு வந்தது தினந்தினம் நடந்த போராட்டம்தான். புறக்கணிப்புக்குப் பிறகும் நில எடுப்பு வேலை நிற்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தேர்தல் நடக்காமல் தடுப்பது எப்போதும் ஏழையின் ஆயுதமாக இருந்ததில்லை. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-ல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கம் செய்தவர்கள் பத்து வருஷம் அங்கே முறையாகத் தேர்தல் நடக்கவிடவில்லை. 2006-ல்தான் நடந்தது. ஆகவே எந்தக் கிளையாவது புறக்கணிப்பு பற்றிப் பேசினாலும், யாரையும் ஓட்டுப் போடாதே என்று தடுக்க நம் சங்கத்துக்கு உரிமை இல்லை. காலனித் தெருவில் இருக்கும் விவசாயக் கூலித் தோழரைத் தடுத்தால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். வெள்ளைக்காரன் காலத்தில் சொத்தும் வரியும் இருந்தவனுக்குத்தான் ஓட்டு. நம் தாத்தாமார் பலருக்கும், பாட்டிமார் அநேகமாக எல்லோருக்கும் அது கிடையாது. 1952 பொதுத் தேர்தலில்தான் பண்ணையாருக்கும் பண்ணையாளுக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்று ஆனது. அந்தச் சமத்துவத்தை நாமே கையை விட்டு நழுவ விடுவதா?

ஆகவே என்ன செய்வது?

ஒன்று: வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரும் வீட்டார் பெயரும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தேர்தல் நாளன்று போய்த் தேடிப் பயனில்லை.

இரண்டு: ஒவ்வொரு கிளையும் கூட்டம் போட்டு ஊரின் கோரிக்கைகளில் ஐந்தை மட்டும் எழுதுங்கள். "விவசாயியை வாழ வை" என்று எழுத வேண்டாம். எந்த வாய்க்கால், எத்தனை கிலோமீட்டர், எந்த மதகு, கொள்முதல் எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்று எழுதுங்கள். கூட்டத்தில் பெண்களும் நிலமில்லாதவர்களும் இருக்க வேண்டும்.

மூன்று: எல்லா வேட்பாளருக்கும் அதை நேரில் கொடுத்துக் கையெழுத்தோடு பதில் கேளுங்கள். ஆரத்தித் தட்டுக்குப் பதில் கோரிக்கைத் தாளை நீட்டுங்கள். அவர்கள் தாக்கல் செய்யும் படிவம் 26-ல் சொத்து, கடன், கிரிமினல் வழக்கு எல்லாம் இருக்கும். படித்த பிள்ளைகளை விட்டு எடுத்து ஊர்ப் பொது இடத்தில் ஒட்டுங்கள்.

நாலு: பதில் சொன்னவர்களில் யார் தேவலை என்று அவரவர் மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை, ஒருவரும் தகுதி இல்லை என்று தோன்றினால் நோட்டாவை அழுத்துங்கள். ஆனால் போவதற்கு முன்பே "இந்த ஐந்து கோரிக்கைக்குப் பதில் வராததால் எங்கள் ஊர் விவசாயிகள் நோட்டாவுக்குப் போடுகிறோம்" என்று கலெக்டருக்கும் பத்திரிகைக்கும் எல்லாக் கட்சி ஆபீசுக்கும் எழுதி அனுப்புங்கள். அதுதான் விலாசம். தேர்தல் முடிந்த பிறகு படிவம் 20 என்ற கணக்கில் ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை, நோட்டாவுக்கு எத்தனை என்று வெளியிடுகிறார்கள். கட்சிக்காரர்கள் அதை வரி வரியாகப் பார்ப்பார்கள். மற்ற ஊரில் ஐந்தும் பத்தும் இருக்க, நம் சாவடியில் 200 நின்றால் ஏன் என்று கேட்டுத்தானே ஆக வேண்டும்?

ஐந்து: ஜெயித்தவர் யாராக இருந்தாலும், நம் ஓட்டு வாங்காதவராக இருந்தாலும், அந்த ஐந்து கோரிக்கையோடு போய் நில்லுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். நடக்காவிட்டால் மறியலுக்கு வாருங்கள். ஓட்டு ஒரு நாள் வேலை. கேட்பது ஐந்து வருஷ வேலை.

பெருமக்களே! களை மண்டிவிட்டது என்று நடவை விட்டவன் யாரும் இல்லை. இறங்கிப் பறிக்கிறோம், மறுபடி முளைத்தால் மறுபடி பறிக்கிறோம். முறை வந்த அன்று மடையை விட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் தண்ணீர் நிற்காது, அடுத்தவன் வயலுக்குப் பாயும். ஓட்டும் அப்படித்தான். தேர்தல் அன்று நம் முறை. மடையில் நாம் நிற்க வேண்டும்.

இந்தப் பிரசுரத்தைப் படித்து, படிக்கத் தெரியாதவர்களுக்கும் வாசித்துக் காட்டி, உங்கள் கிளைக் கூட்டத்தில் விவாதியுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். பெரும்பான்மை முடிவு எதுவோ அதைச் சேர்ந்து செய்வோம்.

வீட்டில் முடங்க மாட்டோம்! விலைக்கும் போக மாட்டோம்!
கேள்வி கேட்போம்! எழுதி வாங்குவோம்!
ஓட்டும் நம் உரிமை! போராட்டமும் நம் உரிமை!

தோழமையுடன்,
செயலாளர், விவசாயிகள் சங்க ஒன்றியக் குழு